ஒரு கூரை வீட்டின் வரலாறு

வரலாற்றுச் சிறப்புமிக்க கட்டடங்கள் என்றால் நம் நினைவுக்கு வருபவை கோயில்கள், கோட்டைகள், தேவாலயங்கள். ஆண்டுதோறும் மாமல்லபுரத்துக்கும் செஞ்சிக்கும் சுற்றுலா சென்று, குறிப்பேட்டில் மன்னர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு திரும்புகிறோம். அந்த மன்னர்களுக்கு நெல் விளைவித்துக் கொடுத்தவன் எப்படிப்பட்ட வீட்டில் படுத்து உறங்கினான் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் காட்டுவதற்கு வீடு இல்லை. கல் ஆயிரம் ஆண்டு நிற்கும். ஓலை மூன்று மழைக்காலத்தைத் தாண்டுவதே அரிது.

செம்பாக்கத்தில் ஏரி இருக்கிறது. அந்த ஏரி பாய்ந்த வயல்கள் மனைகளாகி, மனைகள் மாடிகளாகிவிட்டன. 2021-ஆம் ஆண்டில் ஊரே தாம்பரம் மாநகராட்சியுடன் சேர்ந்துவிட்டது. உழவர் குடியிருந்த கூரை வீடு ஒன்றைப் பார்க்கவேண்டுமென்றால் இங்கே தேடித்தான் அலைய வேண்டும். எங்களுக்கு அந்த அலைச்சல் இல்லாமல் போனதற்குக் காரணம், எங்களுள் ஒருத்தியின் தாத்தா வீடு. அது மதுராந்தகத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருந்தது. அரசுத் திட்டத்தில் கான்கிரீட் வீடு கட்ட அனுமதி வந்துவிட்டது, கோடை விடுமுறையில் பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று அவள் வகுப்பில் சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் கம்மியது. "அழுது என்ன பயன்? இடிப்பதற்கு முன் அளந்து வையுங்கள்" என்றார் எங்கள் அருட்சகோதரி. அதன்படி ஒரு சனிக்கிழமை, தையற்கடை அளவு நாடா ஒன்று, நூற்கண்டு ஒன்று, கணிதப் பெட்டி இரண்டு ஆகியவற்றுடன் நாங்கள் ஐவர் அங்கே சென்று இறங்கினோம்.

முதலில் வீட்டின் அமைப்பு. கிழக்குப் பார்த்த வாசல். இருபுறமும் திண்ணை. வாசற்காலின் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. குனியாமல் நுழைந்த எங்கள் தோழி ஒருத்தி நெற்றியில் வாங்கிக்கொண்டாள். உள்ளே பதினாறடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள நடுவீடு. அதன் ஒரு மூலையில் நெல் கொட்டும் மண் குதிர், தலைக்கு மேலே பரண். பின்புறம் சார்ப்பாக இறக்கிய சமையற்கட்டு. வடக்கே மாட்டுக்கொட்டில், அதற்கு அப்பால் களமும் வைக்கோற்போரும்.

சுவர் அடியில் ஒன்றரை அடி கனம், மேலே போகப் போக மெலிகிறது. செங்கல் கிடையாது. களிமண்ணையும் மணலையும் வைக்கோல் துணுக்கையும் சேர்த்துக் காலால் மிதித்துக் குழைத்து, உருண்டைகளாக அடுக்கி எழுப்பிய சுவர். ஒரு நாளில் ஒரு முழத்துக்கு மேல் எழுப்பக்கூடாதாம். கீழ்வரிசை காய்ந்து இறுகிய பிறகுதான் அடுத்த வரிசை. அவசரப்பட்டால் ஈரச் சுவர் தன் பாரத்தாலேயே உப்பிச் சரிந்துவிடும். இப்படி ஒரு வீட்டுக்குச் சுவர் வைக்கவே ஒரு கோடை முழுவதும் வேண்டும் என்று தாத்தா சொன்னார்.

சுவர்மேல் விட்டம், விட்டத்தை நடுவில் தாங்க ஒரு பனை நடுக்கால், உச்சியில் முகட்டு வளை. முகட்டிலிருந்து இருபுறமும் சரிந்து இறங்குபவை கைமரங்கள். நன்கு முதிர்ந்து வைரம் ஏறிய பனையைப் பிளந்து செய்தவை அவை. கறுத்து, இரும்பு போல் இருந்தன. கைமரங்களுக்குக் குறுக்கே மூங்கில் வரிச்சுகள். இவை எல்லாம் கயிற்றாலும் பனைநாராலும் கட்டப்பட்டவை. கூரை முழுவதிலும் தேடி ஓர் ஆணியைக்கூட நாங்கள் காணவில்லை. காற்று அடித்தால் கட்டு சற்றே நெகிழ்ந்து கொடுத்து மறுபடி இறுகும், ஆணி அப்படிக் கொடுக்காது என்பது தாத்தா தந்த விளக்கம்.

இனி வேய்தல். தென்னை மட்டையை இரண்டாகப் பிளந்து, குளத்தில் சில நாள் ஊறப்போட்டு, பிறகு முடைவதே கீற்று. முடைவது பெரும்பாலும் பெண்கள் வேலை. கூரைமேல் ஏறி வேய்வது ஆண்கள் வேலை. கீற்றை எப்போதும் இறவாரத்திலிருந்து தொடங்கி முகடு நோக்கியே வைத்துப் போகவேண்டும். அப்போதுதான் மேல் வரிசை கீழ் வரிசையின் தலையை மூடும். கீற்றின்மேல் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் கயிறு கட்டி இறுக்குகிறார்கள். கடைசியில் முகட்டுக்கு ஒரு தொப்பி. கூரை வீடு ஒழுகத் தொடங்கினால் முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுதான்.

ஓட்டைகள் நிறைந்த ஓலை எப்படி மழையைத் தடுக்கிறது? எங்களுக்கும் இந்த ஐயம் இருந்தது. உண்மையில் ஓலை நீரைத் தடுப்பதில்லை, வழிநடத்துகிறது. ஒரு தாளின் நுனியிலிருந்து அடுத்த தாளுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று துளி இறங்கிக்கொண்டே வந்து, உள்ளே இறங்குவதற்கு முன் இறவாரத்தில் சொட்டிவிடுகிறது. இதற்குச் சரிவு வேண்டும். சரிவு குறைந்தால் நீர் தயங்கும், தயங்கினால் ஊறும், ஊறினால் மக்கும். பாகைமானியையும் நூலில் கட்டிய கல்லையும் கொண்டு அளந்ததில் எங்களுக்கு 40 பாகையை ஒட்டி வந்தது. அளந்தவள் கணக்கில் எப்போதும் நூறு வாங்குபவள் என்பதால் நம்பலாம்.

அடுப்புப் புகைக்கும் கூரைக்கும் ஓர் உறவு உண்டு. புகை ஏறிய கூரையில் பூச்சியும் செல்லும் எளிதில் அண்டுவதில்லை. அதனால்தான் பழைய வீடுகளில் புகைபோக்கி வைக்காமல் புகையைக் கூரை வழியாகவே கசியவிட்டார்கள். ஆனால் அந்தப் புகை பூச்சிகளின் கண்ணுக்கு மட்டும் போகவில்லை, அடுப்பின் முன் உட்கார்ந்தவளின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போயிற்று. எங்கள் தோழியின் ஆயாவுக்கு இருக்கும் இருமல் அந்த அடுப்பு தந்தது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

ஓலை வேய்வது நம் தொண்டை நாட்டுக்கு எவ்வளவு பழைய வழக்கம் என்பதை அறியப் பத்துப்பாட்டைப் புரட்டினால் போதும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை நம் வட்டாரத்துப் பாட்டு. அதில் வழிநெடுகக் குடிசைகள். எயினர் குடிசைக்கு ஈந்தின் இலை, முல்லைநிலச் சிற்றூர்களில் வரகு வைக்கோல், வலைஞர் குடிலுக்குத் தருப்பைப் புல். எந்த மண்ணில் எது முளைக்கிறதோ அதுவே கூரை. வலைஞர் குடிலில் வேழக்கோலையும் மரக்கிளைகளையும் கலந்து வைத்துத் தாழை நாரால் கட்டியதைக்கூடப் புலவர் சொல்கிறார். அவரும் ஆணியைக் காணவில்லை போலும்.

அளந்து படம் வரையும்போதுதான் ஒன்று புரிந்தது. இது ஒரு வீடு அல்ல, பல காலத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. நடுவீட்டின் கைமரங்களில் மட்டும் விரல் கனத்துக்குக் கரி படிந்திருந்தது. முதலில் அந்த ஓர் அறையே வீடாக இருந்து, அதற்குள்ளேயே அடுப்பு எரிந்திருக்கிறது. தாத்தாவைக் கேட்டதில் ஆம் என்றார். தம் தாத்தா காலத்தில் அப்படித்தானாம். பிறகு அடுப்பு பின்பக்கச் சார்ப்புக்குப் போயிற்று. திண்ணைகள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டவை, தாத்தாவின் திருமணத்துக்காகக் கட்டப்பட்டவை. மாட்டுக்கொட்டிலுக்கு மட்டும் சீமை ஓடு, எங்கோ இடித்த கட்டடத்திலிருந்து விலைக்கு வாங்கியது. மனிதருக்குக் கூரை, மாட்டுக்கு ஓடா என்று நாங்கள் சிரித்தோம். "வைக்கோலைப் போட்டா மாடு இழுத்துத் தின்னுடுது, என்ன பண்றது?" என்றார் தாத்தா. சிரிப்பு எங்கள் பக்கமே திரும்பியது.

அந்த ஓட்டைப் பற்றியும் ஒரு சொல். தட்டையாகப் பள்ளம் வெட்டி ஒன்றுடன் ஒன்று கோத்துக்கொள்ளும் இந்த ஓட்டை நம் நாட்டில் பெரிய அளவில் செய்யத் தொடங்கியது பேசல் மிஷனார் 1865-ல் மங்களூரில் நிறுவிய தொழிற்சாலை. அதற்கு முன் குயவர் சக்கரத்தில் வனைந்து பாதியாக அறுத்த நாட்டு ஓடே இருந்தது. ஓடு ஓலையைவிடப் பன்மடங்கு கனம். ஆகவே ஓடு போட்டால் கைமரங்களை நெருக்கி வைக்கவேண்டும். ஓட்டைத் தாங்கும் மண்சுவர்கூடக் கான்கிரீட் தளத்தைத் தாங்காது. தளம் வேண்டுமென்றால் சுவரையும் மாற்றவேண்டும், சுவரை மாற்றினால் அடித்தளத்தையும் மாற்றவேண்டும். கூரை வீட்டைக் கான்கிரீட் வீடாக 'மாற்றுகிறோம்' என்று சொல்கிறோமே, அங்கே மாற்றம் ஏதுமில்லை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் நடக்கிறது.

கடைசி மாற்றங்கள் துயரமானவை. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் முகடு பிரிந்தது. அதன்பின் நீலநிறத் தார்ப்பாய், அதன்மேல் தகரத் தகடு, தகடு பறக்காமல் இருக்கப் பழைய டயர்.

இப்படி ஒட்டுப்போட்டு வளர்ந்த வீடு நமக்கு மட்டும் உரியதன்று. ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்வே பிறந்து வளர்ந்த வீடு இங்கிலாந்தில் ஸ்ட்ராட்ஃபோர்டை அடுத்த ஷாட்டரியில் இருக்கிறது. 'குடில்' என்று அழைக்கிறார்களே தவிர, அது பன்னிரண்டு அறைகள் கொண்ட உழவர் வீடு. ஆட்டு மந்தையும் வயலும் வைத்திருந்த குடும்பம் அது. அதன் மிகப் பழைய பகுதி 1463-ஐச் சேர்ந்தது. வளைந்த மரங்கள் இரண்டை, கும்பிட்ட கைகள் போல் நுனியில் சேர்த்து நிறுத்தி, அவற்றின்மேல் கூரையை ஏற்றியிருக்கிறார்கள். மரச் சட்டங்களுக்கு இடையே சுள்ளிகளைப் பின்னி மண் பூசிய சுவர். தொடக்கத்தில் அங்கும் நடுக்கூடத்திலேயே நெருப்பு, புகை கூரை வழியே. பின்னர் ஆனின் சகோதரர் பார்த்தலோமியு 1610-ல் வீட்டைச் சொந்தமாக வாங்கினார். அவர் காலத்தையொட்டி வீடு விரிந்தது. மேல்தளம் வந்தது, புகைபோக்கிகள் எழுந்தன. புகைபோக்கி ஒன்றில் ஐ.எச். 1697 என்று பொறித்திருக்கிறது, ஜான் ஹாத்வே என்ற பிற்கால வாரிசின் பெயர். 1892-ல் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை அதை வாங்கியது. 1969-ல் தீப்பற்றிப் பெருஞ்சேதம் ஏற்பட்டு, பழையபடியே சீரமைக்கப்பட்டது. ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆன வீடு என்றாலும் அதன் வைக்கோல் ஐந்நூறு ஆண்டுப் பழையதன்று. அது மாறிக்கொண்டே இருக்கிறது. அந்நாட்டில் நாணல் வேய்ந்த கூரை 25 முதல் 50 ஆண்டுவரை தாங்குமாம். குளிர்நாடு, கனமான வேய்தல், அதற்கென்றே தேர்ந்த கைவினைஞர்கள். நம் கீற்றோ வெயிலிலும் ஐப்பசி மழையிலும் மாட்டிக்கொண்டு இரண்டு, மூன்று ஆண்டில் மக்கிப்போகிறது. இது நம்மவர் திறமைக் குறைவு என்று யாரும் நினைக்கவேண்டாம்.

நம் அருகிலேயே ஓலை வீட்டைக் காப்பாற்றிவைத்த இடம் ஒன்று உண்டு. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் தொடங்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளை நடத்தும் இது, 1996 டிசம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. தென்னாட்டு வீடுகள் பலவற்றை அவை இருந்த ஊர்களில் பிரித்து எடுத்துவந்து இங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். கோட்டயம் புதுப்பள்ளியில் 1850-ல் கட்டிய சிரியன் கிறிஸ்தவர் மரவீடும் அவற்றில் ஒன்று. மரவீட்டைப் பிரிக்கலாம், ஒவ்வொரு பலகைக்கும் எண் இட்டு லாரியில் ஏற்றலாம். மண் வீட்டை என்ன செய்வது? பிரித்தால் மண்ணாகிவிடும். எனவே விசாகப்பட்டினம் மாவட்டத்து ஹரிபுரம் கிராமத்தின் வட்டமான ஓலை வீடுகளை அங்குள்ள முறைப்படி புதிதாகவே எழுப்பியிருக்கிறார்கள்.

அந்த வட்ட வீடுகளின் முன் நாங்கள் நெடுநேரம் நின்றோம். அக்கடற்கரை புயல் தாக்கும் பகுதி. வட்டச் சுவருக்கு மூலை இல்லை, காற்று மோதி நிற்க முகமும் இல்லை. கூரையின் இறவாரம் ஏறத்தாழ நிலத்தைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து, கோழி தன் சிறகைத் தாழ்த்திக் குஞ்சுகளை மூடுவது போல் சுவரை மூடிக்கொண்டிருக்கிறது. மழைச்சாரல் மண்சுவரில் படாது, காற்று கூரைக்கு அடியில் புகுந்து தூக்காது. தாத்தா வீட்டு வாசல் ஏன் அவ்வளவு தாழ்வு என்பது எங்களுக்கு அங்கேதான் விளங்கியது. நெற்றியில் அடி வாங்கியவளும் அன்றுதான் அந்த வீட்டை மன்னித்தாள்.

இவ்வளவும் எழுதிவிட்டு நெருப்பைப் பற்றி எழுதாமல் விட்டால் அது பொய்யாகும். 1212-ல் ஏற்பட்ட பெருந்தீக்குப் பிறகு இலண்டன் மாநகரில் ஓலை வேயத் தடை விதித்தார்கள். 1613-ல் ஷேக்ஸ்பியரின் குளோப் நாடக அரங்கில், நாடகத்துக்காகச் சுட்ட பீரங்கிப் பொறி கூரையில் விழுந்து அரங்கமே சாம்பலாயிற்று. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. நமக்கு அந்த நல்லவேளை வாய்க்கவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கூரை வழியே வகுப்பறைகளுக்குத் தாவி, 94 குழந்தைகள் மாண்டார்கள். நாங்கள் அப்போது பிறந்திருக்கவில்லை. அதன்பின் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓலைக் கூரைகளை அகற்றும்படி அரசு உத்தரவிட்டது. எங்கள் பள்ளியிலும் இன்று ஓலை வேய்ந்தது என்று சொல்ல எஞ்சியிருப்பது டிசம்பரில் நாங்கள் அமைக்கும் கிறிஸ்துமஸ் குடில் ஒன்றுதான். அதற்குள்ளும் மெழுகுவர்த்தி வைக்கச் சகோதரி அனுமதிப்பதில்லை. முன்பெல்லாம் அது எங்களுக்குக் கட்டுப்பெட்டித்தனமாகத் தோன்றியதுண்டு.

2024-ல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் 2030-க்குள் தமிழ்நாட்டைக் குடிசையில்லா மாநிலமாக்குவதை நோக்கமாகக் கொண்டது. ஊர்ப்புறங்களில் எட்டு இலட்சம் வீடுகள், வீடு ஒன்றுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய், 360 சதுர அடி. தாத்தாவுக்குக் கிடைத்தது அதன்கீழ்தான். இதில் எங்களுக்குள்ளேயே இரு கட்சி. பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவெல்லாம் உமிழும் தளத்துக்காக, காற்றைத் தன்னுள் அடைத்துக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் கூரையை இழப்பதா என்றார்கள் மூவர். அவர்கள் மூவரும் மாடி வீட்டில் மின்விசிறிக்கடியில் உறங்குபவர்கள் என்பதை மற்ற இருவரும் நினைவூட்டினோம். பேத்தி மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல் குதிரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எடுத்தால் உடையும் என்று தெரிந்துவிட்டது.

வாக்குவாதத்தை முடித்துவைத்தவர் ஆயா. "அழகா இருக்குன்னு சொல்றீங்க கண்ணு. அடமழையில ராத்திரி முழுக்க ஒழுகுற எடத்துக்கெல்லாம் குண்டான் வெச்சிக்கிட்டு, புள்ளைங்கள மடியில போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தவ நானு. எங்கனா ஒரு வீட்ல நெருப்புன்னு சத்தம் கேட்டா தெருவே கூரமேல தண்ணி ஊத்தும். கூர வூட்ல இருந்தவளுக்குத்தான் தெரியும். போவட்டும் வுடுங்க" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, சாணம் மெழுகிய தரையைக் கையால் தடவியபடி, "இந்தத் தரைதான் கெடைக்காது" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

வைகாசியில் வீடு இடிக்கப்பட்டது. மண் சுவர் மண்ணோடு போயிற்று. நடுக்காலும் ஏழு கைமரங்களும் வைரம் குன்றாமல் இருந்தன, அவற்றைத் தாத்தா மாட்டுக்கொட்டிலில் அடுக்கி வைத்திருக்கிறார். நாங்கள் வரைந்த படம் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. அதில் சமையற்கட்டின் அகலம் அரையடி தவறு என்று பேத்தி இப்போது சொல்கிறாள். திருத்துவதற்கு வழியில்லை.

புது வீட்டுக்குக் குடிபோன மறு கோடையில் நாங்கள் அனைவரும் சென்றிருந்தோம். தளம் தகித்தது. வெளியே வந்து பார்த்தால் மாடியின்மேல் மூங்கில் கட்டி, புதுக் கீற்று வேய்ந்து ஒரு கொட்டகை. கீற்றை முடைந்தவர் ஆயாதான், இறவாரத்தில் தொடங்கி முகடு வரை ஒழுங்காக வேய்ந்தவர் தாத்தா. எங்களைக் கண்டதும் ஆயா சிரித்தார். "அளவு நாடா கொண்டாந்தீங்களா? இதையும் அளந்துக்குங்க."